மூன்றாம் பக்கத்து அம்மா

எட்டு வருடத்தில் பர்வின் பதினொரு விஞ்ஞானிகளை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். ஒவ்வொருவரையும் தவழவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, வாத்தியாரிடம் திட்டு வாங்கவைத்து, பதினாறாம் பக்கத்தில் நரைத்த தலையோடு கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். வளர்த்த கூலி என்று பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை வீடு, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. நியூட்டனும் ஃபாரடேயும் அந்த மேசையில்தான் பிறந்தார்கள். சென்னையில் ஒரு பதிப்பகம் குழந்தைகளுக்காக விஞ்ஞானிகளின் வாழ்க்கையைப் படப்புத்தகமாகப் போடுகிறது. கதை அங்கிருந்து வரும், படம் இங்கிருந்து போகும்.

புரட்டாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கணவன் சாப்பிட வருகிற நேரம். அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது, கழுத்தில் சுளுக்கு, கையில் கரண்டி. அந்த நேரம் பார்த்து அறிவுமதி போன் செய்தாள். அறிவுமதி அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர். எட்டு வருடப் பழக்கம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது.

"பர்வின், ஒரு சின்னப் பிரச்சினை."

அறிவுமதி சின்னப் பிரச்சினை என்றால் அது செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை உயரம் இருக்கும். பர்வின் அடுப்பைக் குறைத்தாள்.

"ஸ்கூல் லைப்ரரிக்கு புக் எடுக்கிற கமிட்டி நம்ம செட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பதினொண்ணையும்."

"ஏன் மேடம், எதனா தப்பா?"

"மூணாம் பக்கம். கமிட்டியில ஒரு அம்மா, பதினொரு புக்கையும் மேஜையில வரிசையா மூணாம் பக்கம் திறந்து வெச்சுப் பாத்தாங்களாம். பதினொண்ணுலயும் ஒரே முதுகு. போலந்துலயும் அதே முதுகு, லண்டன்லயும் அதே முதுகு. எட்டு வருஷமா எனக்கே கண்ணுல படல பாருங்க... இரு குட்டி, அம்மா போன்ல இருக்கேன்ல?"

கடைசி வார்த்தை பர்வினுக்கு இல்லை என்று பர்வினுக்குத் தெரியும். அறிவுமதி வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது, எப்போது போன் செய்தாலும் அது பின்னால் கூப்பிடும்.

அந்த முதுகுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். பதிப்பகத்தில் கதை எழுதுகிறவருக்கு ஒரு அச்சு உண்டு. எந்த நாட்டு விஞ்ஞானியாக இருந்தாலும் மூன்றாம் பக்கத்தில், 'அம்மா சமையலறையில் வேலையாக இருந்தார். குழந்தை ஓடிவந்து கேட்டது: ஏன்?' என்று இருக்கும். நியூட்டனுக்கு மூன்று வயதிலேயே அவர் அம்மா மறுமணம் செய்துகொண்டு போய்விட்டார், பாட்டி வீட்டில்தான் பையன் வளர்ந்தான். ஆனால் நம் ஆள் விடுவாரா? அந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்திவிட்டார்.

முதல் புத்தகம் வரைந்தபோது பர்வின் விஞ்ஞானியின் அம்மா படத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். விஞ்ஞானிக்கு நூறு படம் இருக்கிறது. அவருடைய நாய்க்குக்கூடப் படம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. தெரியாத முகத்தை இதுதான் என்று வரைய அவளுக்கு மனசு வரவில்லை. சரி, திருப்பி நிறுத்திவிடுவோம், சமைக்கிறவள் அடுப்பைத்தானே பார்ப்பாள் என்று முதுகை வரைந்தாள். முதுகுக்கு யாரைப் பார்த்து வரைவது? கணவன் கையில் போனைக் கொடுத்து, அடுப்பு முன்னால் நின்று தன் முதுகையே படம் எடுக்கச் சொன்னாள். அடுத்த புத்தகத்துக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. மகள் சனோபருக்கு ஆறு வயதானதும் படமெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. பர்வினுக்கு இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஏழாவது படிக்கும்போது கோட்டைப் படிக்கட்டில் விழுந்து ஒடிந்த எலும்பு சரியாகக் கூடவில்லை. கவுன் போட்டாலும் புடவை கட்டினாலும் பதினொரு அம்மாக்களுக்கும் இடது தோள் தாழ்ந்தே இருந்தது. கமிட்டி அம்மாவின் கண்ணில் அதுதான் சிக்கிக்கொண்டது.

"இப்ப என்ன மேடம் பண்ணணும்?"

"முகம் வேணும். பதினொரு அம்மாவுக்கும் முகம். சந்தோஷமா, பெருமையா, சிரிச்ச முகமா. திங்கக்கிழமை காலையில வந்துடணும்." அறிவுமதி குரலைத் தாழ்த்தினாள். "நேராவே சொல்லிடறேன் பர்வின். முதலாளி மொத்த செட்டையும் கம்ப்யூட்டரை விட்டே வரைஞ்சுடலாம்ங்கறாரு. ஒரு நிமிஷத்துல நாலு படம் தருதாம். நான்தான் கையக் கால பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன். இது போச்சுன்னா அடுத்த செட்டும் உங்களுக்குக் கிடையாது."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். பர்வின் சரி என்று சொல்லி போனை வைத்தாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

அவள் கணவன் நூர் முகமது பேருந்து நிலையத்துக்கு எதிரே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தீய்ந்த குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"கண்டுபிடிச்சவனுக்குப் புஸ்தகம் போடறான். அது கெட்டுப்போனா ரிப்பேர் பண்றவனுக்கு எவன் புஸ்தகம் போடறான்? வரைஞ்சு குடு. சிரிச்ச மூஞ்சிதானே, அதுல இன்னா கஷ்டம்?"

கஷ்டம் என்னவென்று அன்று சாயங்காலமே தெரிந்தது. முதலில் ஃபாரடேயின் அம்மாவை எடுத்தாள். வறுமையில் ஒரு ரொட்டியைக் கொடுத்து, இதை வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடு என்று பிள்ளையிடம் சொன்ன அம்மா என்பார்கள். அவளைச் சிரிக்கவைக்க வேண்டும். வாயைச் சிரிக்கவைத்தாள், கண் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கினாள், அழுகிறவள் மாதிரி ஆயிற்று. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. எட்டாவது முகம் கொஞ்சம் தேறியது போல் இருக்க, போனில் படமெடுத்து அறிவுமதிக்கு மாதிரி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஏன் இவ்ளோ களைப்பா இருக்காங்க? குழந்தைங்க பயந்துடும்.'

பர்வின் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். களைப்பான அம்மாவைப் பார்த்து எந்தக் குழந்தை பயந்தது? பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்க்கிறது. கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒரு யோசனை தோன்றியது. உலகத்து விஞ்ஞானிகளின் அம்மாக்களைத்தான் பார்க்க முடியாது. உள்ளூரில் ஒருத்தி இருக்கிறாளே. சனோபர் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் பவுனம்மாள். தொண்டூரில் கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவள், இப்போது இதே தெருக்கோடியில் குடியிருக்கிறாள். மகள் நிலா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருக்கிறாள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பர்வின் கிளம்பினாள்.

பவுனம்மாள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பர்வினு, வெயில்ல வந்துட்டே. குந்து. மல்லாட்ட துன்னு."

"பவுனக்கா, நிலா சின்னப் புள்ளையா இருக்கும்போது ஓடியாந்து எதனா கேக்கும்ல. அப்ப உங்க மூஞ்சி எப்டி இருந்திருக்கும்? பெருமையா. கொஞ்சம் அப்டி வெச்சுக் காட்டுங்களேன், பாத்து வரைஞ்சுக்கறேன்."

பவுனம்மாள் உரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

"எம்மூஞ்சிய நான் எங்க பாத்தேன். இருட்டோட களை வெட்டப் போயிடுவேன். வந்து சோறாக்கி எறக்கறதுக்குள்ள அது தூங்கிடும். கேள்வி கேக்கும், இல்லன்னு சொல்லல. ஒருநா கேட்டுது, 'யம்மா, பொழுது போயிகூட பாற ஏம்மா சுடுது?'ன்னு. அடுப்ப ஊதிக்கினு இருந்தேன். 'சும்மா கெட, எனக்கின்னா தெரியும்'னேன். திரும்பிக்கூட பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. அதத்தான் இப்ப படிக்குதாம். கல்லு எப்டி சூட்ட உள்ளாற வெச்சிக்குதுன்னு. அதுக்கு சம்பளம் குடுக்குறான் கெவுருமெண்டுல."

பவுனம்மாள் சிரித்தாள். பர்வின் அவசரமாகப் பென்சிலை எடுப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"பெருமையா இல்லியாக்கா?"

"குந்துனாதானே பெருமப்படறதுக்கு. இப்பதான் குந்திக்கினு இருக்கேன். போன் போட்டா, 'இரும்மா, லேப்ல இருக்கேன்'ங்குது. போவட்டும், அதுக்கும் வேல இருக்குதுல்ல." முறத்தில் இருந்த தோலை ஊதித் தள்ளினாள். "நான் சும்மா கெடன்னேன், அது இருங்குது. கணக்கு சரியாப் போச்சு."

இரண்டு கை மல்லாட்டையைத் தாளில் மடித்துக் கொடுத்தனுப்பினாள். வரைய எடுத்துப்போன தாள் அது. பர்வின் வீட்டுக்கு வந்து மறுபடி மேசையில் உட்கார்ந்தாள். அன்று வரைந்த முகம் ஒன்றும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோட்டை பார்க்க வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. பதினொன்றில் ஒன்றுகூட ஆகவில்லை. இனி ஊரார் முகத்தை நம்பிப் பிரயோசனமில்லை, தன் முதுகைக் கொடுத்தவள் தன் முகத்தையும் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பர்வின் முடிவு செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவள் மாதிரி இருந்தது. தானாகச் சிரித்த படம் ஏதாவது இருந்தால் பார்த்து வரையலாம். படமெல்லாம் பழைய போனில் இருக்கும். அந்த போன் இப்போது சனோபரிடம். சனோபருக்குப் பதினொரு வயது, ஆறாவது படிக்கிறாள்.

"சனோ, அம்மா மூஞ்சி நல்லா தெரியற போட்டோ எதனா இருந்தா காட்டு. சிரிக்கிற மாதிரி."

சனோபர் தரையில் உட்கார்ந்து தேடினாள். விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. பர்வினின் கை, மாவு பிசைகிற மாதிரி. பர்வினின் கால், படியேறுகிற மாதிரி. பர்வினின் முதுகு, அடுப்பு முன்னால். எல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்துக்காக எடுக்கச் சொன்னவை. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று இருந்தது. அதில் பர்வினின் பாதி முகத்தை பிரியாணி தட்டு மறைத்திருந்தது.

"அவ்ளோதானா?"

"இன்னும் இருக்குது. ஆனா அதுவும் முதுகுதான்."

அடுத்து வந்தவை பர்வின் பார்த்திராத படங்கள். ஜன்னலோர மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருக்கும் பர்வின், பின்னாலிருந்து. அடுத்தது, அதே மேசை, அதே முதுகு, வேறு நைட்டி. அடுத்தது, அதே முதுகு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை ஒன்றில் பச்சையாக இருந்தது, ஒன்றில் காய்ந்து கிடந்தது, ஒன்றில் மழையில் தெரியவே இல்லை. சனோபர் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பின்னல் மெலிந்துகொண்டே போயிற்று. ஒரு இடத்தில் நரை ஆரம்பித்தது.

"இதெல்லாம் நான் எடுக்கச் சொல்லலியே."

"நானா எடுத்தது."

"எதுக்கு?"

"நான் கூப்டுவேன். நீ 'இரு'ம்பே. எவ்ளோ நேரம் இருக்கிறது? ஒரு போட்டோ எடுத்துட்டு வெளாடப் போயிடுவேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. ஸ்கூல் டைம்டேபிள் சொல்வது மாதிரிதான் சொன்னாள். அதுதான் பர்வினுக்குத் தாங்கவில்லை.

"எத்தனை இருக்குது இது மாதிரி?"

"எண்ணல. மெமரி ஃபுல்லுன்னு காட்டுது."

பர்வினுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் 'ஏன்' என்று கேட்பதை உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். பின்னால் நின்ற பிள்ளை இத்தனை வருடம் என்ன கேட்க வந்தது என்று ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. இனி அதைக் கேட்டாலும் சனோபருக்கு நினைவிருக்கப் போவதில்லை. பர்வின் கொஞ்ச நேரம் அழுதாள். சனோபர் பயந்துபோய், "கடையிலேருந்து அத்தாவ கூப்டவா?" என்றாள்.

"வேணாம். நீ அங்க போயி நில்லு. அடுப்பாண்ட நான் நிக்கிறேன். என்னைக் கூப்புடு."

"எப்டி கூப்டணும்?"

"எப்பவும் கூப்டற மாதிரி."

"ம்மா," என்றாள் சனோபர்.

பர்வின் கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். சனோபர் எடுத்துவிட்டாள். சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், நெற்றியில் வேர்வை. இடது தோள் தாழ்ந்திருந்தது. ஆனால் கண் நேராகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தாள். மேசையை ஜன்னலிலிருந்து இழுத்து அறையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்து தன் நிழலே தாளில் படிந்தது, பரவாயில்லை என்று வரைந்தாள். போலந்து அம்மா, லண்டன் அம்மா, எல்லோரும் அடுப்பிலிருந்து திரும்பினார்கள். ஒவ்வொருத்திக்கும் மூக்கு வேறு, முடி வேறு. களைப்பு மட்டும் ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் பதினொன்றும் முடிந்தது. நடுவில் சனோபர் நான்கு தடவை கூப்பிட்டாள், பர்வின் நான்கு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று தடவை ஒன்றுமில்லாத விஷயம். ஒரு தடவை, பல்லி ஏன் விழுவதில்லை என்று கேட்டாள். பர்வினுக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடை திறந்ததும் ஸ்கேன் செய்து அனுப்பினாள். பத்து மணிக்கு அறிவுமதி கூப்பிட்டாள்.

"பர்வின், சிரிக்கலையே."

"சிரிக்கல மேடம். திரும்பியிருக்காங்க."

அந்தப் பக்கம் பின்னால் வழக்கமான அந்தக் குழந்தைக் குரல் அம்மா என்று கூப்பிட்டது. "சொல்லு குட்டி," என்றாள் அறிவுமதி. குழந்தை என்னவோ நீளமாகச் சொல்லிற்று. எல்லாம் கேட்டு முடித்துத்தான் போனுக்கு வந்தாள்.

"நான் பேசிப் பாக்கறேன் பர்வின்."

பேசித்தான் பார்த்தாள், பாவம். வியாழக்கிழமை மறுபடி போன் வந்தது. கமிட்டிக்குச் சிரிப்புதான் வேண்டுமாம். மொத்தச் செட்டும் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அடுத்த செட்டும் அதற்கே. "மன்னிச்சுக்கோங்க," என்றாள் அறிவுமதி. "நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க," என்று பர்வின் போனை வைத்தாள். பிரஷ்களை எல்லாம் கழுவிக் காயவைத்தாள். எட்டு வருடம் பார்த்த வேலை முடிந்துபோவதற்கு நாலு வார்த்தை போதுமாக இருந்தது.

"மெஷின்தானே," என்றான் நூர் முகமது அன்று சாப்பிடும்போது. "என்னிக்கினா ஒருநா ரிப்பேருக்கு வரும். எந்த மெஷின் வராம இருந்துது?" ஆறுதல்தான் சொன்னான். பர்வினுக்குத்தான் ஆறவில்லை. ஒரு டியூஷன் சென்டருக்கு இதயம், நுரையீரல், தவளை என்று சார்ட் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். தவளைக்கு அம்மா தேவைப்படவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், சனோபர் நூலகப் பீரியடில் ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தாள். புது செட்டு. ஃபாரடே.

பர்வின் மேசையில் தவளைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மேசை இன்னும் அறையைப் பார்த்துத்தான் கிடந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் கை நீண்டுவிட்டது. படமெல்லாம் பளபளவென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. அடுப்படியில் ஒரு கரிகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் அந்த அம்மா முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் சமமாக இருந்தன.

சனோபர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கிட்டே வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"ம்மா, இந்தம்மா யாரப் பாத்து சிரிக்குது?"

"புள்ளையப் பாத்துதான்."

"புள்ள பின்னாடில்ல நிக்கிறான்."

பர்வின் பார்த்தாள். ஆமாம். பையன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, கையில் எதையோ தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மாக்காரி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தது போல அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள், பையன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான்.

பர்வினுக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கமிட்டி அம்மா, முதலாளி, ஒரு நிமிடத்துக்கு நாலு படம் எல்லாம் நினைவுக்கு வந்து இன்னும் சிரித்தாள். கையிலிருந்த பிரஷ் நடுங்கி தவளைக்கு மீசை முளைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சனோபர் போனை எடுக்க ஓடினாள்.

"ம்மா, இரு. அப்டியே இரு. மெமரி ஃபுல்லுன்னு காட்டுது, ஒரு முதுக அழிச்சிட்டு வரேன்."

பர்வின் இருந்தாள்.